ஓரம் வெட்டிய படங்கள்

வலங்கைமான் அருகில்,
20 அக்டோபர் 2024

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள ஜூலியட் அக்காவுக்கு, தம்பி ஜேசுராஜ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அருள்ஜோதியும் சுகம். உன் முழங்கால் எப்படி? காது மெஷின் இன்னும் இரைகிறதா? போனில் நான் சொல்வது உனக்குக் கேட்பதில்லை. வாட்ஸப் படம் பார்த்தால் கண் கூசுகிறது என்கிறாய். அதனால் பழையபடி தபால்தான்.

ஒரு கூத்து நடந்தது. மின்வாரியத்தில் இருந்த வருஷமெல்லாம் நான் கம்பியைத்தான் பார்த்தேன், கம்பிமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. இப்போது ரிட்டயர்டு ஆகி, கும்பகோணத்தில் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்று வாங்கியிருக்கிறேன். நீளமான லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்டு. வெளியூர் போவதில்லை. வீட்டைச் சுற்றி, வாய்க்கால் வரை, அவ்வளவுதான்.

அதற்கே ஊர் என்னைச் சந்தேகப்படுகிறது. வயலில் களை எடுத்த பொன்னுத்தாய் வேலையை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, குழாய் போட அளக்குறீங்களா? எங்க வயலுமா போவுது?" என்று கேட்டது. குருவி படம் எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை. பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத்தான் போனது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஆறுமணிக்குருவி. மழைக்கு முன்னால் வடக்கேயிருந்து வந்து நம் கொல்லையில் இறங்கியது. ஒரே உடம்பில் எத்தனை நிறம் பார். உன் ஊர் வழியாகத்தான் வந்திருக்கும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஜேசு

*

நாக்பூர்,
11 நவம்பர் 2024

என் செல்லத் தம்பிக்கு, ஆசீர்வாதங்களுடன் அக்கா எழுதுவது. முழங்கால் இருக்கிறது, அதைத் தவிர வேறு நல்ல சேதி இல்லை. அருள்ஜோதியை நான் கேட்டதாகச் சொல்.

படம் பிரமாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான் கடையில் வாங்கியது என்கிறார்கள். என் தம்பி எடுத்தது என்று சண்டை போட்டேன். ஆனால் ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காகிதம் முழுக்கக் குருவிதான் இருக்கிறது. கொல்லையில் எடுத்தேன் என்கிறாய், கொல்லையையே காணோமே? மாமரம் எங்கே? களத்துமேடு எங்கே? அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நின்று எடு.

காரணம் இருக்கிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். ஜூனுக்குள் போர்ஷனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். உன் அத்தான் ஆன்டோ போனபின் இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? அந்தக் களத்துமேடு அப்பா என் பங்காக விட்டது. அதில் ஒரு தகரக் கொட்டகையாவது போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மேடு எப்படியிருக்கிறது என்று எழுது. மறந்துவிடாதே.

அக்கா ஜூலியட்

*

வலங்கைமான் அருகில்,
19 ஜனவரி 2025

சேசு மரி சூசை துணை

அன்பான அக்காவுக்கு, புதுவருஷ வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் சேர்த்து. தாமதத்துக்கு மன்னிக்கணும். மழை போட்டு அடித்துவிட்டது. சம்பா சாய்ந்து, நிமிர்த்திக் கட்டி, இப்போதுதான் அறுப்பு. நாங்கள் சௌக்கியம்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். மஞ்சளாக இருப்பது மாங்குயில். நீலம் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது அழுக்காகத்தான் தெரியும். இறக்கையை விரித்தால்தான் அந்த நீலம்.

தள்ளி நின்று எடு என்கிறாய். தள்ளித்தான் நிற்கிறேன். கிட்டே போனால் பறந்துவிடும். கம்ப்யூட்டரில் போட்டு ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் பிரிண்ட் போடுவது. எங்கள் படக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். குருவி தெரியவேண்டும், இடம் தெரியக்கூடாது.

ஒன்று கேட்கணும். உன்னால் இப்போது படி ஏற முடிகிறதா? எத்தனை படி? அப்புறம் உன் கட்டிலின் நீள அகலம் அளந்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அருள்ஜோதி உனக்கு எள்ளடை செய்து வைத்திருக்கிறாள். பார்சல் அனுப்புகிறேன்.

ஜேசு

*

நாக்பூர்,
8 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு, அக்கா. எள்ளடை வந்தது. தூளாக வந்தது, தூளாகவே தின்றேன். ருசி போகவில்லை. உடம்பு பரவாயில்லை.

பனங்காடையைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆனால் ஜேசு, நான் ஒன்று கேட்டால் நீ வேறொன்று கேட்கிறாய். களத்துமேடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கடிதத்தில் நெல் இருக்கிறது, மழை இருக்கிறது, குருவி இருக்கிறது, மேடு இல்லை. படத்திலும் இல்லை.

இடம் தெரியக்கூடாது என்கிறாயே, யாருக்குத் தெரியக்கூடாது? நான் பிறந்த இடம் எனக்கே தெரியக்கூடாதா?

படி ஏற முடிகிறதா, கட்டில் எத்தனை அடி. இதெல்லாம் என்ன கேள்வி? நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், பெரியவர்களை ஊருக்குக் கூட்டிப்போகாமல் இருக்கக் காரணம் தேடும் சொந்தக்காரர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். முதலில் மாடிப்படி, அப்புறம் கக்கூஸ், கடைசியில் "இங்கேயே ஒரு ஹோம் பாத்து சேத்துடலாமே சிஸ்டர்" என்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

கட்டில் ஆறரைக்கு நாலு. மெதுவாக ஏறினால் நாலு படி. போதுமா?

மேட்டைப் பற்றி எழுது.

ஜூலியட்

*

வலங்கைமான் அருகில்,
20 மார்ச் 2025

சேசு மரி சூசை துணை

அன்பு அக்கா, தவசு கால வணக்கம். கோபம் வேண்டாம். மேடு எங்கேயும் போய்விடவில்லை.

இந்தப் படத்தைப் பார். பஞ்சுருட்டான். பச்சை உடம்பு, செம்பட்டைத் தலை, வாலில் கம்பி மாதிரி இரண்டு நீட்டு. மண்ணில் பொந்து குடைந்துகொண்டிருக்கிறது. ஆணும் பெண்ணும் முறை வைத்து வேலை செய்கின்றன. காலால் மண்ணைத் தள்ளும்போது சின்னப் புழுதி கிளம்புகிறது, அதுவும் படத்தில் விழுந்திருக்கிறது. இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

எங்கே என்று மட்டும் கேட்காதே. வீட்டுக்குப் பின்னால்தான். கூட்டின் இடத்தைக் கூடப்பிறந்தவருக்கும் சொல்லக்கூடாது என்பது எங்கள் படக்காரர்களின் கட்டுப்பாடு. ஒருத்தருக்குச் சொன்னால் நாலு பேர் வருவார்கள், குருவி கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். நான் யாரையும் அந்தப் பக்கமே விடுவதில்லை.

குஞ்சுகள் வெளியே பறந்தபிறகு உனக்கு ஒரு விஷயம் எழுதுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். மே பாதிக்குள் ஆகிவிடும்.

ஜேசு

*

நாக்பூர்,
3 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெரால்டுக்கு, பெரியப்பா மகள் ஜூலியட் எழுதுவது. உன் ஜெராக்ஸ் கடையும் பத்திர வேலையும் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

ஒரு உதவி. ஜேசுவுக்குத் தெரியவேண்டாம்.

அவன் குருவிப் படங்கள் அனுப்புகிறான். கடைசிப் படத்தில் ஒரு பஞ்சுருட்டான் மண் பொந்துக்குள் தலையை விட்டிருக்கிறது. நீயும் நானும் அவனும் குடமுருட்டிக் கரையில் பார்த்த அதே மாதிரிப் பொந்து. நான் ஒரு தடவை அதில் குச்சியை விட்டுக் குடைந்தேன், ஜேசு அழுதான், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குருவி தரையில் பொந்து போடாது, மரத்திலும் போடாது. செங்குத்தாக வெட்டிய மண் வேண்டும். வீட்டுக்குப் பின்னால்தான் என்கிறான். நம் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் ஏது ஜெரால்டு? நான் பார்த்தவரை எல்லாம் சமதரை, அதற்குமேல் என் களத்துமேடு.

அப்படியென்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். மேட்டைப் பற்றி இரண்டு கடிதமாகக் கேட்டேன், நேராகப் பதில் இல்லை. படத்தின் ஓரத்தையெல்லாம் வெட்டிவிட்டு அனுப்புகிறான். நீ ஒரு நடை போய்ப் பார்த்து எழுது.

எனக்குப் போக வேறு இடமில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஜூலியட் அக்கா

*

வலங்கைமான்,
14 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, ஜெரால்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தாங்கள் சொன்னபடி, குருத்தோலைப் பூசை முடிந்து பார்த்துவிட்டு வருவதுபோல் போனேன்.

உங்கள் சந்தேகம் சரி. வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம், ஜேசு பங்கின் கடைசியில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டியிருக்கிறது. மெஷின் வைத்து வெட்டியது. எடுத்த மண் முழுவதும் தங்கள் களத்துமேட்டில் குவித்துக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய் போட்டு. சாலையை ஒட்டிய இடம். டிராக்டர் வந்தால் ஒரு காலைப்பொழுதில் ஏற்றிவிடலாம். ரோடு வேலை நடக்கிறது, மண்ணுக்கு இப்போது நல்ல கிராக்கி.

ஜேசுவிடம் பேச்சுக் கொடுத்தேன். "என்னப்பா மண்ணு?" என்றேன். "இருக்கட்டும்ண்ணே, அப்புறம் சொல்றேன்" என்று சொல்லி என் கையைக் கெட்டியாகப் பிடித்து வாசலுக்கே கூட்டிவந்துவிட்டான். குழிப்பக்கம் போகவே விடவில்லை. பொன்னுத்தாயைக் கேட்டேன். "அண்ணன் ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டேங்குது" என்றது.

இன்றைக்குக் குழி அவன் பங்கில் இருக்கிறது. நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்டினால் யார் கேட்பது? தாங்கள் ஒரு வார்த்தை எழுதினால் செய்வதைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
ஜெரால்ட்

*

நாக்பூர்,
23 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ஜேசுவுக்கு, ஈஸ்டர் திருநாள் வாழ்த்து. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. நீயும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போ. பஞ்சுருட்டான் படம் நன்றாக இருக்கிறது. அருள்ஜோதிக்கு என் அன்பு.

அக்கா

*

நாக்பூர்,
23 ஏப்ரல் 2025

ஜெரால்டுக்கு, ஈஸ்டர் வாழ்த்து. என் தரையில் கிடக்கிற மண்ணை எடுத்த இடத்திலேயே தள்ளி மூடிவிடு. டிராக்டர் வருவதற்கு முன்னால் செய். யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. களத்துமேடு என் பங்கு, இது என் கையெழுத்து.

என்ன நினைத்துவிட்டான் ஜேசு? கிழவிக்குக் காது கேட்காது, கண்ணும் போய்விட்டது என்றா?

ஜூலியட்

*

வலங்கைமான்,
5 மே 2025

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு, ஜெரால்ட். தங்கள் உடல்நலம் பேணவும்.

வேலை முடிந்தது. தரங்கம்பாடியில் அருள்ஜோதியின் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று இருவரும் போயிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து பொக்லைன் கொண்டுவந்து மண் முழுவதையும் குழியில் தள்ளி, இறுக்கி, சமப்படுத்திவிட்டேன். தங்கள் மேடு இப்போது சுத்தமாக இருக்கிறது.

ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு பச்சைக் குருவிகள் மட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. ஓட்டுகிற பையன், "என்னங்க, நம்மள விரட்டுது" என்று சிரித்தான்.

பணிவுடன்,
ஜெரால்ட்

*

வலங்கைமான் அருகில்,
17 மே 2025

அண்ணிக்கு, அருள்ஜோதி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

அவர் எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். அவர் சொல்லி எழுதவில்லை.

களத்துமேடு என்கிறீர்கள். அது மேடாக இருந்தது உங்கள் காலத்தில். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் இப்போது அதுதான் பள்ளம். போன கார்த்திகை மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நீங்கள் வரப்போவதாக எழுதியதும், அந்த இடத்தில் உங்களுக்கு வீடு கட்டவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். தண்ணீர் ஏறாமல் இருக்கத் தரையை உயர்த்தவேண்டும். அதற்காகத் தன் பங்கில், தன் நிலத்தில் குழி வெட்டி, அந்த மண்ணை உங்கள் இடத்தில் கொட்டினார். விற்க இல்லை அண்ணி. உங்கள் தரைக்குத்தான் அந்த மண்.

கட்டில் அளவு கேட்டது அறையின் அளவுக்கு. படி கேட்டது, படியே இல்லாமல் சாய்வாகப் போடலாமா என்று பார்க்க. கொத்தனார் சிங்காரவேலுவிடம் மட்டுமில்லை, வெள்ளையடிப்பவரிடம்கூடச் சொல்லிவைத்துவிட்டார். அப்போதுதான் அந்தக் குருவிகள் வந்து வெட்டிய குழிச்சுவரில் பொந்து போட்டன. குஞ்சு பறக்கும்வரை ஒரு கடப்பாரைகூட விழக்கூடாது என்று எல்லா வேலையையும் நிறுத்திவிட்டார். நான்கூடச் சண்டை போட்டேன். அக்கா ஜூனில் வருது, குருவி முக்கியமா என்றேன். "ரெண்டும் வீடுதான் அருளு, ரெண்டு மாசம் பொறுத்தா ரெண்டும் நிக்கும்" என்றார். உங்களிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். வாயால் சொன்னால் அக்கா வேண்டாம் என்று சொல்லிவிடும், சுவர் எழும்பியதும் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றார்.

தரங்கம்பாடியிலிருந்து சாயங்காலம் வந்தோம். பையைக்கூட இறக்கவில்லை, நேரே பின்னால் போனார். அங்கே தரை சமமாக இருந்தது. இரண்டு குருவியும் வாயில் தட்டாம்பூச்சியைக் கவ்விக்கொண்டு அந்த இடத்தின்மேல் வட்டமடித்தன. பொந்து இருந்த இடத்துக்கு நேராக வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தன. அவர் மண்வெட்டியால் வெட்டினார். கிட்டே போனதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினார். குஞ்சுகளை எடுத்து மாமரத்தடியில் வைத்தார். இறக்கையில் பச்சை அப்போதுதான் முளைத்திருந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை.

ஜெரால்ட் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். இவர் அதைப் படிக்கக்கூட இல்லை. என்னிடம் கொடுத்து, "அக்கா கையெழுத்துதானா பாரு" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் கேட்டார்.

நீங்கள் அவரை நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி. எனக்கு உங்கள்மேல் ரொம்ப வருத்தம்.

அருள்ஜோதி

*

நாக்பூர்,
26 மே 2025

ஜேசு, அருள் எழுதியது வந்தது. படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. உன்னை நம்பவில்லை நான். அதுதான் உண்மை. மேடு போய்விட்டால் எங்கே போவேன் என்ற பயத்தில், கூடப்பிறந்தவனைத் திருடன் என்று நினைத்தேன். ஈஸ்டர் வாழ்த்தும் எழுதி, அதே பேனாவால் அதையும் எழுதினேன்.

ஜெரால்டைத் திட்டாதே. அவன் நான் சொன்னதைச் செய்தான்.

சின்ன வயதில் குச்சியை விட்டேன். இப்போது மெஷினை விட்டிருக்கிறேன். அப்போது நீ அழுதாய், அம்மா என்னை அடித்தாள். இப்போது அடிக்க ஆளில்லை.

ஜூன் முடிவில் இந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். இங்கேயே முதியோர் இல்லம் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். நான் அங்கே வரட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஜூலியட்

*

வலங்கைமான் அருகில்,
20 ஜூன் 2025

சேசு மரி சூசை துணை

அக்காவுக்கு ஜேசுராஜ் எழுதுவது. அருள்ஜோதி சுகம். நானும் இருக்கிறேன். முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே போடு.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. நாலைந்து நாளில் நம் வாய்க்காலுக்கும் வரும்.

ஒரு வரி கேட்டாய். வா.

கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். இருக்கிறது. பேனாவை எடுக்க இத்தனை நாள் ஆனதும் அதனால்தான். உன் முகத்தைப் பார்த்தால் போகிறதா, கூடுகிறதா, தெரியவில்லை. ஆனால் நீ ஹோமில் போய் இருப்பது என்ற பேச்சை இனி எழுதாதே. நான் சொல்லாமல் இருந்ததும் தப்புதான். குருவிக்கு இருந்த கட்டுப்பாட்டை உனக்கும் போட்டுவிட்டேன்.

மூடிய குழியை நான் திரும்பத் திறக்கப்போவதில்லை. சிங்காரவேலு வேறு இடத்திலிருந்து மண் கொண்டுவருகிறேன் என்கிறார். வீடு எழும்பும்வரை எங்களோடு இரு. முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறேன். ஆறரைக்கு நாலு. வாசலில் மூன்று படிதான், கையைப் பிடித்து ஏற்றிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு கேமராவை எடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எடுத்தது ஒன்று மட்டும் இருந்தது, நேற்று பிரிண்ட் போட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் இருப்பது உன் மேடு. அதற்கு இந்தப்பக்கம் மாமரம், கொடியில் அருள்ஜோதியின் சேலை, பின்னால் வாய்க்கால். நடுவில் சமமாக, ஒரு மூலையில் மட்டும் நான் தோண்டிய மண்ணோடு தெரிகிறதே, அதுதான் இடம். மேலே கரண்டுக் கம்பியில் பார், சின்னதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். வாயில் தட்டாம்பூச்சி இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும்.

நீ முதலிலிருந்து கேட்ட முழுப் படம் இதுதான் அக்கா. ஓரம் எதையும் நான் வெட்டவில்லை.

தம்பி
ஜேசு